புளொப்பிக்கு ஒரு கொப்பி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிள்ளைகளின் விடுமுறைக் கடிதங்கள்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நான் பின்வரிசைக்குப் போய்விடுவேன். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், கடற்கரை பார்ப்பார்கள். நான் பார்த்தது பழுதான ஒரு பஸ், ஒரு வயல், ஒரு கூட்டம். இதை யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பி இரண்டு மாதமாகியும் என் கோபம் ஆறவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்துக்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நான் மணமாகித் திருச்சிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. அதற்கு முன், சண்டை நின்றிருந்த காலத்தில், கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் ஒரு கமக்காரர் சங்கத்தின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், அலுவலகத்தில் வேலை செய்தேன். யாரோ கொடுத்த பழைய கணினி ஒன்று அங்கே இருந்தது. வாய்க்காலுக்குக் கீழே எந்த வயல்துண்டை யார் செய்கிறார்கள் என்ற பட்டியலை அதில் தட்டுவது என் வேலை. என் சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம் என்பதால் பவளம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவர் எனக்கு உறவில்லை. ஆனால் இரண்டு வருடம் அவர் கையால் சாப்பிட்டேன்.

இந்தப் பங்குனியில் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“தவம், உன்ர கொப்பி இருக்கோ?”

“எந்தக் கொப்பி அக்கா?”

“விரல் வீங்க வீங்க எழுதினியே, அந்தக் கொப்பி.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். கடைசிச் சண்டையில் அவர் கணவர் கனகலிங்கம் அண்ணை இறந்துவிட்டார். காணிப் பத்திரம் இருந்த பையும் போய்விட்டது. அக்கா அகதி முகாமிலிருந்து வந்து, வவுனியாவில் நோயாளி மகளோடு பல வருடம் இருந்துவிட்டுப் பிந்தித்தான் வட்டக்கச்சிக்குத் திரும்பினார். அதற்குள் அவருடைய இரண்டு ஏக்கர் வயலை இன்னொருவர் காடு வெட்டி விதைத்துக்கொண்டிருந்தார். சித்திரையில் சங்கம் கூடி, எந்தத் துண்டு யாருக்கு என்று புதிதாகப் பதியப் போகிறது. அதில் அக்காவின் பெயர் ஏறாவிட்டால் வயல் போனதுதான். பழைய பட்டியலைக் கேட்டால், அது இருந்த புளொப்பி பழுதாகிவிட்டது என்கிறார்களாம்.

கொப்பி இருந்தது. என் இரும்புப் பெட்டியில், பிள்ளைகள் கடைசிப் பக்கங்களில் காகப் படம் கீறி வைத்திருந்தபடி, பத்திரமாக இருந்தது.

அது என்ன கொப்பி என்று சொல்ல வேண்டும். திருச்சியில் காப்பி என்றால் குடிப்பது. வன்னியில் குடிப்பது கோப்பி, எழுதுகிற நோட்டுப் புத்தகம் கொப்பி. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எடுப்பதும் கொப்பிதான். இவற்றுக்கு நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கணினிப் பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க், ஜெனரேட்டர் கொடுத்த அடியில் பாதி செத்திருந்தது. அதில் எதை வைத்தாலும் அடுத்த நாள் இருக்குமா என்று சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றையும் புளொப்பியில் வைத்தோம். திருச்சியில் ஃபிளாப்பி என்பார்கள், இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. உள்ளங்கை அளவில் கறுத்த சதுரப் பிளாஸ்டிக் தகடு. ஒரு ஓரத்தில் தள்ளித் திறக்கிற சின்ன இரும்புக் கதவு இருக்கும். கதவுக்குப் பின்னால் தெரிகிற கரிய வட்டத்தில்தான் அடித்ததெல்லாம் இருக்கும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

எனக்குக் கணினி பழக்கியவரை மாஸ்டர் என்போம். சங்கத்துக்கும் அவரே செயலாளர். அன்றும் அவர்தான், இன்றும் அவர்தான். நவராத்திரி முடிகிற வாணி விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் சொன்னார்: “பிள்ளை, புளொப்பிக்கு ஒரு கொப்பி எடுத்து வையும்.”

இன்னொரு புளொப்பி மேசையில் இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். இருக்கவில்லை. மாஸ்டரிடம் திருப்பிக் கேட்க வெட்கம். மட்டை கட்டிய பெரிய கொப்பி ஒன்று வாங்கிவந்து, திரையைப் பார்த்துப் பார்த்து, முந்நூற்றுச் சொச்சம் பெயர்களையும் கையால் எழுதினேன். மூன்று நாள் எடுத்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ பிள்ளை, உம்மட கையெழுத்தை ஆர் கேட்டது? வீட்டை கொண்டுபோய் சமையல் குறிப்பு எழுதும்” என்று என் பக்கம் தள்ளிவிட்டார். கொண்டுபோனேன்.

இது என் பிழை. நான் ஒத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் நான் ஒரு பிழையும் செய்யவில்லை.

முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் பஸ். திருச்சி பஸ்ஸில் நடத்துநர் விசில் ஊதுவார். இங்கே பஸ்ஸின் தகரத்தில் அறைகிறார். அங்கே “உள்ள போ, உள்ள போ” என்று முதுகில் தள்ளுவார்கள். இங்கே “உள்ளுக்க போங்கோ, இடம் கிடக்கு, போங்கோ” என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே அதே அளவு தள்ளுகிறார்கள். பாட்டின் சத்தம் மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்று.

ஆனையிறவு தாண்டியதும் பின்சில்லின் டயர் வெடித்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. மாற்றுச் சில்லு இருந்தது, வெடித்ததைக் கழற்றும் சாவிதான் இல்லை. பின்னால் வரும் பஸ்ஸிடம் வாங்க வேண்டுமாம். பஸ்ஸின் நிழலில் வரிசையாகக் குந்தினோம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண், வங்கியில் வேலை என்றாள், கைத்தொலைபேசியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“போன் நிறைஞ்சு போச்சு. ஒரு படம் எடுக்க ஏலாமக் கிடக்கு.”

“எவ்வளவு பிடிக்கும் பிள்ளை?” என்று குடையோடு இருந்த ஒரு பெரியவர் கேட்டார். வெள்ளைச் சட்டை, கையில் கச்சான் பை, அதாவது வறுத்த கடலை.

“நூற்றி இருபத்தெட்டு ஜீபி, அங்கிள்.”

அவர் சிரித்தார். கொழும்பில் ஒரு பெரிய அலுவலகத்தில் கணினிப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவராம். “நான் வேலைக்குச் சேரேக்க டிஸ்க் ஒண்டு உடுப்புத் தோய்க்கிற மெஷின் அளவு. அது வேகமா ஓடினா நடுங்கும். நடுங்கி நடுங்கி நிலத்தில நடக்கும். ஒருநாள் நடந்துபோய்க் கதவை அடைச்சுக்கொண்டு நிண்டுட்டுது. எங்கட துரை சன்னலால ஏறித்தான் உள்ளுக்க வந்தவர்!”

“பொய் சொல்லாதையுங்கோ அங்கிள்.”

“சத்தியமா. அதுக்கு முதல் மட்டை. துளை போட்ட மட்டை. ஆயிரம் மட்டையை அடுக்கி வைச்சிருந்த தட்டை ஒருத்தன் படியில தவறவிட்டான். அவன் அழேல்லை. அடுக்கினவர் அழுதவர்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெயிலை மறந்து நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன விதத்தில், நடக்கிற டிஸ்க்கை எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. பழைய சாமான்களைப் பற்றி ஆசையோடு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

“அதை விடு,” என்றார் பெரியவர். “இஞ்ச, வட்டக்கச்சியில நடந்ததைக் கேள். அங்க ஒரு பெட்டை வேலை செய்தவா. மாஸ்டர் புளொப்பியைக் குடுத்து, ‘பிள்ளை, இதுக்கு ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு வா’ எண்டார். பெட்டை சைக்கிளில கிளிநொச்சி ரவுணுக்குப் போய், போட்டோக்கொப்பிக் கடைக் கண்ணாடியில புளொப்பியை வைச்சு, முன்பக்கம் ஒண்டு, பின்பக்கம் ஒண்டு அடிச்சுக்கொண்டு வந்து குடுத்தா! ‘மாஸ்டர், ரெண்டு பக்கமும் எடுத்திட்டன்’ எண்டாவாம்!”

பெட்டை என்றால் இங்கே இளம்பெண். சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சாரதிகூடச் சிரித்தார்.

“அந்த வெளிச்சத்தில புளொப்பி செத்துப்போச்சு. ஊரின்ர முழு லிஸ்டும் போச்சு.”

“ஆர் அங்கிள் அந்தப் பெட்டை?”

“ஆரோ. படிப்புக் குறைவு. பிறகு வெக்கத்தில இந்தியாவுக்கு ஓடிட்டாவாம்.”

எனக்குக் காது சுட்டது. நான் ஓடவில்லை. கடவுச்சீட்டோடு, மாலையும் கழுத்துமாக, முறையாகப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை ஒன்றும் நான் கண்டதில்லை. புளொப்பி வெளிச்சத்தில் சாகாது என்பது கொழும்பில் வேலை செய்தவருக்குத் தெரியாதா? இத்தனையும் மனதுக்குள் சொன்னேன். பெரியவர் எல்லோருக்கும் கச்சான் நீட்டினார், எனக்கும் நீட்டினார். வாங்கித் தின்றேன். அதற்காக என்மேலேயே வந்த கோபம் பரந்தன் தாண்டும்வரை ஆறவில்லை.

இரண்டாம் நாள் காலை அக்கா சிவப்பரிசி மாப் புட்டு அவித்தார். திருச்சியில் புட்டு என்றால் சீனி போட்டுக் கொடுப்பார்கள். இங்கே கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் முல்லைத்தீவிலிருந்து வந்த சின்ன மீன் பொரியலும். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். “இந்தியாவில பட்டினி போடுறாங்களோ?” என்றார் அக்கா. பஸ்ஸில் கேட்ட கதையைச் சொன்னேன். அவர் அடுப்பின் பக்கம் திரும்பி விறகைத் தள்ளினார்.

“அக்கா, உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நீ வராம விட்டிடுவாய். உன்ர குணம் எனக்குத் தெரியாதே?” கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் லிஸ்டைக் கேட்டுப் போகேக்கயும் மாஸ்டர் இதைத்தான் சொன்னவர். ‘என்ன செய்யிறது பவளம், அந்தப் பெட்டை பழுதாக்கிப்போட்டா’ எண்டு. நான் திரும்பி வந்திட்டன். நான் அவரிட்ட வயல் கேட்டுப் போன மனுசி எல்லே. சண்டை பிடிச்சா வயல் கிடைக்குமே?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னைப் பற்றிச் சிரிப்பது ஒன்று. அந்தச் சிரிப்பைக் காட்டி ஒரு விதவையை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவது இன்னொன்று. பட்டியல் ஏன் இல்லை என்று யாரும் மேலே கேட்கவில்லை. கதை நன்றாக இருந்தது, போதும்.

வயலைப் பார்க்க ஓட்டோவில் போனோம். ஓட்டோக்காரத் தம்பி அக்காவுக்குத் தெரிந்தவர். சங்கத்துக் கூட்டத்துக்காக வந்திருக்கிறேன் என்றதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

“அக்கா, அந்தப் புளொப்பிக் கதை கேட்டனீங்களே? அழுக்காப் போச்சு எண்டு சவுக்காரம் போட்டுக் கழுவி, கிளிப் போட்டுக் கொடியில காயவிட்டவாவாம் ஒருத்தி!”

“ரோட்டைப் பாத்து ஓட்டும்,” என்றார் அக்கா.

நேற்றுப் போட்டோக்கொப்பி. இன்றைக்குச் சவுக்காரம். என் பிழையைச் சொல்லிச் சிரித்தாலாவது பரவாயில்லை. எவளோ செய்யாத பிழைகளையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட கதையைத் திருச்சியில் என் கணவரின் நண்பர் ஒருவரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது அங்கே ஒரு வங்கியில் நடந்ததாம். இன்னொருவர், காந்தம் வைத்துப் புளொப்பியை இரும்பு அலுமாரியில் ஒட்டிய குமாஸ்தாவைப் பற்றிச் சொன்னார். உலகம் முழுக்க ஒரே கதை. எல்லாக் கதையிலும் பிழை விடுகிறவள் மேசையில் தட்டெழுதுகிற பெண் அல்லது படிப்புக் குறைந்த குமாஸ்தா. கணினி வாங்கிக் கொடுத்தவர் ஒரு கதையிலும் பிழை விடுவதில்லை.

வயலில் யோகராசா மண்வெட்டியோடு வாய்க்கால் கரை கட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் துண்டை வெட்டி விதைக்கிறவர் இவர்தான். பக்கத்துத் துண்டு அவருடைய தகப்பனுடையது. முரடராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். மண்வெட்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அக்கா, நான் களவெடுக்கேல்லை. நான் வரேக்க இது பத்தைக்காடு. வெடிக்கிற சாமான் கிடக்கோ எண்டு தெரியாமப் பயந்து பயந்து வெட்டினனான். இது கனகலிங்கம் அண்ணையின்ர துண்டோ, அங்கால உள்ளதோ, எனக்கு எல்லை தெரியாது. அண்ணை விதைக்கேக்க நான் சின்னப் பெடியன்.”

“நான் சொல்லுறன் தானே மோனை,” என்றார் அக்கா, மகனிடம் சொல்வதுபோல.

“நீங்கள் சொல்லுறியள். நாளைக்கு இன்னொராள் வந்து சொல்லுவார். லிஸ்டில கிடந்தா நான் விடுறன். கூட்டத்தில வைச்சே சொல்லுறன்.”

நியாயமான மனிதர். அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. இருந்த கோபமெல்லாம் மாஸ்டருக்கே மிச்சமாகி நின்றது.

மூன்றாம் நாள் கூட்டம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். இது மாஸ்டர் அந்தக் காலத்தில் போட்ட சட்டம்: செருப்போடு போனால் தூசி போகும், தூசியோடு வைரஸ் போகும். இன்றைக்குப் புதுக் கணினி, சட்டம் பழையது. ஐம்பது அறுபது சோடிச் செருப்புகளுக்கு நடுவே என்னுடையதையும் விட்டுவிட்டுப் பின்வரிசையில் அக்காவோடு இருந்தேன்.

பிறகுதான் சுவரைப் பார்த்தேன். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் புளொப்பி. மேலே பிளாஸ்டிக் மாலை. கீழே அச்சடித்த கடதாசி: “எமது சங்கத்தின் முதலாவது புளொப்பி”. சண்டைக்குள் யார் யாரோ எதை எதையோ விட்டுவிட்டு ஓடியபோது மாஸ்டர் இதைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோனாராம். பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார். அதை நான் நம்புகிறேன். அவருக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம்.

மாஸ்டருக்குத் தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. நாற்பத்தேழாம் துண்டு என்று தலைவர் வாசித்ததும் அக்கா எழுந்து, அது தன் கணவருடையது என்றார். தலைவர் மாஸ்டரைப் பார்த்தார்.

“பழைய லிஸ்ட் இருந்தா இண்டைக்கு ஒரு கரைச்சலும் இல்லை,” என்று மாஸ்டர் எழுந்து சட்டத்தைக் கழற்றி, புளொப்பியை வெளியே எடுத்தார். “இளம் ஆக்கள் பாருங்கோ. இதுக்குள்ளதான் முழு ஊரும் இருந்தது. ஆனையிறவு உப்பளத்தில உப்பிருந்தமாதிரி. என்ன செய்யிறது, ஒரு பெட்டையிட்ட ‘கொப்பி எடும்’ எண்டு குடுத்தனான்...” அவர் முடிக்கும் முன்பே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த கதை. புளொப்பி கைமாறிக் கைமாறி வந்தது. முன்வரிசையில் ஒருவர் அதை மோந்து பார்த்தார். கடைசியில் என் கைக்கு வந்தது.

என் விரலுக்கு அது மறக்கவில்லை. இரும்புக் கதவைத் தள்ளினேன். இறுகிப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் மஞ்சள் நிறத் தூள் என் மடியில் உதிர்ந்தது. உள்ளே அந்தக் கரிய வட்டத்தில், ஒரு சதக் காசு அளவில், காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

எனக்கு அந்த வாணி விழா அப்படியே தெரியும். அன்றைக்கு மாஸ்டர் கணினிக்குப் பொட்டு வைத்தார், விசைப்பலகைக்கு வைத்தார். பிறகு புளொப்பியை எடுத்து, கதவைத் தள்ளித் திறந்து, “கண் இருக்கிற இடத்தில வைக்கவேணும்” என்று கரிய வட்டத்தில் ஈரச் சந்தனத்தை அப்பினார். நான் தட்டம் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அங்கே வைக்கக் கூடாது என்று அவரே எனக்குப் படிப்பித்திருந்தார். சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த வேலைநாள் அதைப் போட்டபோது கணினி கிர்ர் கிர்ர் என்றது, பட்டியல் திறக்கவில்லை. இரண்டு கிழமையில் நான் கலியாணத்துக்காகப் போய்விட்டேன்.

எழுந்து நின்றேன்.

“மாஸ்டர், அந்தப் பெட்டை நான்தான்.”

“எந்தப் பெட்டை?” என்றது முன்னால் ஒரு குரல்.

“போட்டோக்கொப்பிப் பெட்டை.”

சிரிப்பு எழும்பி, என் முகத்தைப் பார்த்து, பாதியில் நின்றது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். “தவமணியே?”

“ஓம். நான் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போகேல்லை. சவுக்காரமும் போடேல்லை. இதுக்குள்ள கிடக்கிறது சந்தனம். வாணி விழாவுக்கு நீங்கள் வைச்சனீங்கள். நான்தான் தட்டம் பிடிச்சனான்.” புளொப்பியைப் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் உள்ளே பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அது வந்த வழியே திரும்பிப் போனது, ஒவ்வொருவராகக் கதவைத் தள்ளிப் பார்த்தபடி.

“சரஸ்வதியின்ர கண்ணையே பொத்திப்போட்டியள் மாஸ்டர்!” என்றார் அந்த அம்மா. இப்போது சிரிப்பு வேறு பக்கம் போனது.

மாஸ்டரின் முகம் சுருங்கியது. “எல்லாத்துக்கும் வைக்கிறதுதானே...” என்றார். பிறகு நிமிர்ந்து, “சரி, அது எப்பிடியோ போச்சு. இப்ப லிஸ்ட் இல்லைத்தானே?” என்றார்.

கொப்பியைத் தலைவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மாஸ்டர் தொடவில்லை. “கையெழுத்துக் கொப்பி ஒரு ஆதாரமோ? இதை நேற்று இருந்தும் ஆரும் எழுதலாம். கொம்பியூட்டரில இருந்தா அது வேற.”

வாசிக்க முடியாத பிளாஸ்டிக்குக்கு மாலை போடுவார்கள். வாசிக்கக்கூடிய கொப்பியை நம்பமாட்டார்கள். சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் யோகராசா எழுந்தார். “எங்கட ஐயான்ர பேரை வாசியுங்கோ அக்கா. நாற்பத்தாறாம் துண்டு.”

பக்கத்தைப் புரட்டினேன். அந்த வரியைப் பார்த்ததும் வாசிக்கப் பிடிக்கவில்லை. அது என் இன்னொரு பிழை.

“வாசியுங்கோ,” என்றார் தலைவர்.

“நாற்பத்தாறு. க. செல்லாத்துரை.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யோகராசாவின் தகப்பன் பெயர் செல்லத்துரை. நான் அடிக்கும்போது ஒரு கால் கூடிப்போய், செல்லாத துரையாக்கிவிட்டேன். திரையில் இருந்ததை இருந்தபடி எழுத வேண்டும் என்று கொப்பியிலும் பிழையோடே எழுதினேன்.

யோகராசா சிரிக்கவில்லை.

“அக்கா இந்தியாவுக்குப் போன பிறகு, முதலே அச்சடிச்சு வைச்சிருந்த லிஸ்டைச் சுவரில ஒட்டின அண்டைக்கு ஐயா சைக்கிளை எறிஞ்சுபோட்டு வந்து சத்தம் போட்டவர். ‘நான் செல்லாதவனோ?’ எண்டு. ஒரு வருசம் சந்தையில எல்லாரும் ‘செல்லாத்துரையர் வாறார்’ எண்டு பகிடி பண்ணினவை. ஐயா செத்தாப் பிறகு அந்தப் பேரை ஒருத்தரும் சொல்லேல்லை. இந்தியாவில இருந்த அக்காவுக்கு இதை ஆர் போய்ச் சொன்னது மாஸ்டர்? நேற்று எழுதினதெண்டால் சரியாத்தானே எழுதியிருப்பா?”

மாஸ்டர் எட்டிக் கொப்பியைப் பார்த்தார்.

“அடுத்தது ஆர் அக்கா?”

“நாற்பத்தேழு. வே. கனகலிங்கம். இரண்டு ஏக்கர்.”

“அப்ப சரி. நான் விடுறன்,” என்று சொல்லிவிட்டு யோகராசா இருந்தார். அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் மாஸ்டரிடம், “எழுதுங்கோ,” என்றார். கணினியில் ஏற்ற வேண்டும், கரண்ட் இல்லை, நாளைக்குப் பார்ப்பம் என்றார் மாஸ்டர். உண்மையாகவே கரண்ட் இல்லை. ஆனாலும் அந்த ‘நாளைக்கு’ எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவின் முகத்திலும் பழைய பயம் திரும்பி வந்ததைப் பார்த்தேன்.

செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

“பிள்ளை, கதை எண்டாக் கதைதானே. உம்மை நோகச் சொல்லேல்லை. பேரும் சொல்லேல்லை.”

“பவளம் அக்காவுக்கு வயல் போகப் பாத்தது மாஸ்டர்.”

“நான் அப்பிடி நினைக்கேல்லை. இருபது வருசமாச் சொல்லிச் சொல்லி, நீர் போட்டோக்கொப்பி அடிச்சதெண்டே நானும் நினைச்சுப்போட்டன்.”

அதில் பொய் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் கோபம் கூடியது. “இனிச் சொல்லுறதெண்டால் நடந்ததைச் சொல்லுங்கோ. கொப்பி எடும் எண்டனீங்கள், கையால எழுதினவா எண்டு சொல்லுங்கோ.”

அவர் கொஞ்சம் யோசித்தார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே யோசித்தார்.

“அதுக்கு ஆர் பிள்ளை சிரிப்பினம்?”

செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். அதற்குப் பதிலைத்தான் இந்த இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. மாஸ்டர் நாற்பத்தேழாம் துண்டுக்கு நேரே பவளம் அக்காவின் பெயரை அடித்து, அச்செடுத்து, தலைவரின் கையெழுத்தோடு பலகையில் ஒட்டினார். பெயரில் பிழை இருக்கவில்லை. பதினொரு மணிக்கு யோகராசா வந்து எல்லை காட்டச் சொல்லி அக்காவை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.